கடலில் பாரம் இறக்கியவர்: ஆர்தர் சி. கிளார்க்

கடந்த வருடம் எமது கல்லூரி விஞ்ஞான தினத்துக்காக நானும் என் தோழிகள் இருவரும் ஒரு சிறிய நீர்மூழ்கியை வரைந்தோம். போர் நீர்மூழ்கி அல்ல. பவளப்பாறை பார்க்கப் போகும் சுழியோடிகள் ஓரிருவர் ஏறிச் செல்லக்கூடிய, ஒரு முச்சக்கரவண்டி அளவிலான வாகனம். முன்னால் பெரிய கண்ணாடி, பின்னால் ஒரு மின்சார மோட்டார், நடுவில் இரண்டு ஆசனங்கள். வரைந்து முடிந்ததும் எங்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

பௌதிகவியல் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியின் அளவை மட்டும் கேட்டார். 50 சென்றிமீற்றர் நீளம், 50 சென்றிமீற்றர் அகலம் என்றோம். 20 மீற்றர் ஆழத்தில் அதன் மீது எவ்வளவு விசை அழுத்தும் எனக் கணக்குப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. ஆகவே 20 மீற்றரில் மேலதிகமாக இரண்டு. கணக்கின் விடை ஏறக்குறைய ஐந்து தொன். ஒரு தேநீர் மேசையின் அளவுகூட இல்லாத கண்ணாடி மீது, நிறை வளர்ந்த யானை ஒன்று ஏறி நிற்பதற்குச் சமம். அத்தோடு நிற்கவில்லை. உள்ளே ஒரு கனமீற்றர் காற்று இருந்தால், வாகனத்தை அமிழச் செய்யவே ஒரு தொன்னுக்கு மேல் பாரம் தேவை. எங்கள் பெருமை அன்றைய இரண்டாம் பாடவேளையோடு முடிந்தது.

வெட்கத்தோடு நின்ற எங்களிடம் ஆசிரியை ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி வாசித்துப் பாருங்கள் என்றார். அவர் விண்வெளிக் கதைகள் எழுதிய வெள்ளைக்காரர், கொழும்பில் வாழ்ந்தவர் என்ற அளவில்தான் எனக்குத் தெரிந்திருந்தது. நான் இந்த உலகத்தைப் பார்க்கும் முன்பே இறந்துவிட்டவர். அவருக்கும் எங்கள் நீர்மூழ்கிக்கும், அதிலும் எங்கள் திருகோணமலைக் கடலுக்கும் என்ன தொடர்பு என்று தேடப் போனதில் விளைந்ததே இக்கட்டுரை.

1917 டிசம்பர் 16 ஆம் திகதி இங்கிலாந்தின் சமர்செற் மாநிலத்தில், மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் அவர் பிறந்தார். குடும்பம் விவசாயக் குடும்பம். பதின்மூன்று வயதளவில் தந்தையை இழந்தார். பழைய உயிரினச் சுவடுகள் படிந்த கற்களைச் சேகரிப்பதும், தானே செய்த தொலைநோக்கியால் சந்திரனைப் பார்த்துப் படம் வரைவதும் சிறுவனின் வேலையாக இருந்தன. பல்கலைக்கழகம் செல்ல அப்போது வசதி இல்லை. 1936 இல் இலண்டனுக்குப் போய் அரசாங்க அலுவலகமொன்றில் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப்போர் வந்தபோது விமானப்படையில் ராடார் பிரிவில் பணிபுரிந்தார். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் தவிக்கும் விமானியைத் தரையிலிருந்தே வழிநடத்தி இறக்கும் கருவி அது. போர் முடிந்த பின்னரே இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று கணிதத்திலும் பௌதிகவியலிலும் 1948 இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். உயர்தரம் முடித்து ஒரு வருடம் வீணானாலே வாழ்க்கை போய்விட்டதாக அழும் நாங்கள் கவனிக்க வேண்டிய இடம்: பட்டம் பெறும்போது அவருக்கு வயது முப்பது.

பட்டத்துக்கு முன்னரே அவர் உலகை மாற்றிய ஒரு கட்டுரையை எழுதிவிட்டார். 1945 ஒக்டோபரில் ஒரு வானொலிச் சஞ்சிகையில் வெளியானது அது. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி பூமியோடு ஒரே வேகத்தில் திரும்புவதால், வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்பதே அதன் சாரம். இன்று எங்கள் கூரைகளில் இருக்கும் டிஷ் அன்ரனாக்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து அசையாமல் நிற்பது அதனால்தான். இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருப்பதால் நான் கடலுக்கு வருகிறேன்.

வானத்தை நேசித்த மனிதர் கடலுக்குள் ஏன் இறங்கினார்? 1950களின் தொடக்கத்தில் விண்வெளிக்கு எவரும் போயிருக்கவில்லை. தன் வாழ்நாளில் தான் போவேன் என்று அவர் நம்பியிருந்தாலும், அதுவரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இருக்கவில்லை. விண்வெளியில் எடையின்மை எப்படி இருக்கும் என்பதை அறிய, பூமியில் ஒரே ஓர் இடம் உண்டு. ஆக்கிமிடிசு தத்துவத்தை நாங்கள் புள்ளிக்காக மனனம் செய்கிறோம். கிளார்க் அதைத் தன் உடம்பால் படித்தார். நீரின் மேலுதைப்பும் உடலின் எடையும் சமப்படும்போது மனிதன் எழவும் மாட்டான், அமிழவும் மாட்டான், தொங்குவான். 1943 இல் பிரான்ஸில் கூஸ்தோவும் காஞ்ஞானும் உருவாக்கிய அக்குவாலங் சுவாசக் கருவி அப்போதுதான் சாதாரண மக்கள் கைக்கு வந்துகொண்டிருந்தது. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி, மேலேயிருந்து குழாய் எதுவும் இன்றி, மீனைப் போல் திரியலாம் என்றாகிவிட்டது.

1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்தடுப்புப் பாறைக்குச் சுழியோடப் போகும் வழியில் அவரது கப்பல் கொழும்பில் சில மணிநேரம் நின்றது. அந்தச் சில மணிநேரத்தில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய றொட்னி ஜொங்க்லாஸ் என்ற இலங்கைச் சுழியோடியைச் சந்தித்தார். இந்தக் கடலைப் பற்றி ஜொங்க்லாஸ் சொன்னவை மனதில் தங்கிவிட்டன. 1956 இல் நண்பர் மைக் வில்சனோடு இலங்கைக்கே வந்துவிட்டார். பிறகு ஐம்பது வருடங்களுக்கு மேல், இறக்கும் வரை, இதுவே அவர் நாடாயிற்று.

வந்த வருடமே அவர்கள் திருகோணமலைக்கு வந்தார்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் நடந்து போய்க் கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்று கீழே எட்டிப் பார்க்காதவர் எங்கள் ஊரில் இருக்க முடியாது. 300 அடிக்கும் மேலான செங்குத்துப் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நாங்கள் மேலிருந்து பார்த்துவிட்டு ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். அவர்கள் கீழேயிருந்து பார்த்தார்கள். 1624 இல் போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் அங்கே பாறைகளுக்கிடையில், மீன்கள் மேயக் கிடந்தன. கடலடியிலிருந்து வில்சன் கண்டெடுத்த சிவலிங்கம் பின்னர் மலைமேல் கட்டப்பட்ட புதிய கோயிலைச் சேர்ந்தது. வில்சன் பிற்காலத்தில் துறவியாகவே மாறிவிட்டார். கிளார்க் அந்தச் சுழியோடல்களை 1957 இல் ஒரு நூலாக எழுதினார். எங்கள் குடாவின் அடித்தளம் எப்படி இருக்கும் என்று உலகம் வாசித்தது அந்நூலில்தான்.

இங்கே எங்கள் சிறிய நீர்மூழ்கியின் கதையும் வந்து சேர்கிறது. கிளார்க் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, சுழியோடிகள் ஏறி ஓட்டும் சிறு வாகனங்கள் இதே துறைமுகத்தில் இருந்தன. முதலில் அவற்றை அமைத்தவர்கள் இத்தாலியர்கள். தேசெயோ தெசெய் என்ற கடற்படைப் பொறியியலாளரும் எலியோஸ் தோஸ்கி என்ற நண்பரும் வடிவமைத்த அந்த வாகனம், டோப்பிடோ ஒன்றின் முதுகில் இருவர் குதிரைச் சவாரி போல் அமர்ந்து போவது. ஓட்டுவது அத்தனை சிரமம் என்பதால் அதற்குப் பன்றி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1941 டிசம்பரில் அதில் ஏறி எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்துக்குள் நுழைந்து இரண்டு பிரித்தானியப் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினார்கள். அடிபட்ட பிரித்தானியர் அதைப் பார்த்தே சாரியட் என்று தாங்களும் செய்துகொண்டார்கள். 1944 ஒக்டோபரில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட ட்ரென்சன்ட் என்ற நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு சாரியட்டுகளைச் சுமந்து சென்று தாய்லாந்தின் புக்கெற் தீவருகே விட்டது. நான்கு பேரும் இரண்டு கப்பல்களில் குண்டு பொருத்திவிட்டு உயிரோடு திரும்பினார்கள். இன்னொரு விசித்திரம்: அலெக்சாந்திரியாவில் அடிபட்ட குயின் எலிசபெத் கப்பல் திருத்தப்பட்டு, அதே காலத்தில் எங்கள் துறைமுகத்தில் கொடிக்கப்பலாக நின்றது.

அந்த வாகனங்களின் தத்துவம் எளிமையானது. உள்ளே காற்று அடைத்த அறை மனிதருக்கு இல்லை. தண்ணீர் எல்லா இடமும் நிரம்பியிருக்கும்; சுழியோடி தன் சொந்தக் கருவியால் சுவாசிப்பார். உள்ளும் புறமும் ஒரே அமுக்கம் என்பதால் கண்ணாடி மீது யானை ஏறாது. எங்கள் ஐந்து தொன் சிக்கல் அங்கே இல்லவே இல்லை. ஆனால் அந்த அமுக்கம் எங்கே போகிறது? கண்ணாடியிலிருந்து இறங்கி மனிதனின் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது. வாகனம் ஒருவரை நீந்தும் களைப்பிலிருந்து காப்பாற்றும், ஆழத்திலிருந்து காப்பாற்றாது. போதாததற்கு, ஆழமும் வேகமும் தெரியாமல் மேலே இழுத்து வந்துவிட்டால் ஆளையே கொன்றுவிடும். 30 மீற்றரில் நான்கு வளிமண்டல அமுக்கத்தில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வரும்போது நான்கு மடங்காக விரியும். இரத்தத்தில் கரைந்த நைதரசன், திறந்த சோடாப் போத்தல் போலக் குமிழியாகும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் சாச்சா கடலட்டைக்குச் சுழியோடியவர். நான் ஐந்தாம் தரத்தில் இருந்தபோது, ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தார். தோணியில் ஏறும்போது நன்றாகத்தான் இருந்தாராம். கரைக்கு வரும்போது இரண்டு கால்களும் அவருடையவையாக இருக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் கதிரையில் இருக்கிறார். நீர்மூழ்கி வரைபடத்தை முதலில் காட்டியது அவரிடம்தான். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அதில் தன்னையும் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டார். நான் சும்மா தலையாட்டினேன். கணக்குச் செய்தது அதற்குப் பிறகு.

1957 இல் கிளார்க் இன்னொரு புத்தகமும் வெளியிட்டார், இது நாவல். ஆழ்கடலே களம். திமிங்கிலங்களை மாடுகள் போல மேய்த்து மனிதர் உணவு தேடும் எதிர்காலம். அதன் நாயகன் விண்வெளியில் நேர்ந்த விபத்தால் வானத்துக்குத் திரும்ப அஞ்சும் ஒரு விண்வெளி வீரன். வானம் மூடப்பட்டவனுக்குக் கடலில் புதிய தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். அவன் முதலில் பழகுவது ஒற்றைச் சுழியோடியை இழுத்துச் செல்லும் ஒரு சிறு டோப்பிடோவை. பிறகு ஓரிருவர் அமரும் சிறிய காவல் நீர்மூழ்கிகளை. போரில் குண்டு சுமந்த வாகனத்தைக் கிளார்க் குண்டைக் கழற்றிவிட்டு ஒரு மேய்ப்பனின் கையில் கொடுத்துவிட்டார் என்று நான் நினைக்கிறேன். கதையின் பிற்பகுதியில் திமிங்கிலங்களைக் கொல்லாதே என்று எழும் குரல் இலங்கையைச் சேர்ந்த ஒரு பௌத்த துறவியுடையது. மார்ச், ஏப்ரலில் எங்கள் கடலில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி பிடிக்கும்.

நாவல் வெளியாகி இரண்டு வருடத்தில், 1959 இல், கூஸ்தோவின் குழு பிரான்ஸில் நிஜமாகவே ஒன்றைச் செய்தது. தட்டு வடிவம், இருவர் குப்புறப் படுத்து யன்னலால் பார்க்கலாம், உருக்கு ஓட்டுக்குள் சாதாரணக் காற்று, 350 மீற்றர் வரை இறங்கும். யானையைத் தாங்கும் ஓடு அது. அதைச் செய்ய ஒரு பெரும் நிறுவனமும் பல வருடமும் தேவைப்பட்டன.

1961 மார்ச்சில் தென்கரைக்கு அப்பால் பெரிய இராவணன்கோட்டைக் கலங்கரை விளக்கருகே வில்சனும் அமெரிக்கச் சிறுவர் இருவரும் ஒரு சிதைந்த கப்பலைக் கண்டார்கள். உள்ளே வெள்ளி நாணயங்கள், மூட்டை மூட்டையாக, பவளம் பிடித்து ஒட்டிப்போய்க் கிடந்தன. முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப் சூரத்தில் அச்சிட்டவை. ஹிஜ்ரி 1113 என்று அவற்றில் இருந்தது. கடலுக்கடியில் இரண்டரை நூற்றாண்டு கிடந்தும் எழுத்துகள் அழியவில்லை. அவற்றின் படத்தைப் பார்த்தபோது, அந்தப் பாரசீக எழுத்துகளில் ஆலம்கீர் என்ற பெயரை, குர்ஆன் மதரசாவில் கற்ற எழுத்தறிவைக் கொண்டே என்னால் கூட்டி வாசிக்க முடிந்தது. உண்மையில் அன்று நான் இந்தக் கட்டுரையை எழுத முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் அந்த அடி விழுந்தது. 1962 இல் கிளார்க் தலையில் அடிபட்டு, சில நாட்களில் உடல் முழுவதும் செயலிழந்தார். முதலில் முள்ளந்தண்டுக் காயம் என்றே எண்ணினார்கள். போலியோ என்று பின்னர் தெரிந்தது. வயது நாற்பத்து நான்கு. பல மாதங்கள் படுக்கை. மெல்ல மெல்லக் கைகால்கள் திரும்பின, ஆனால் பழைய வலு திரும்பவில்லை. 1963 இல் அந்த நாணயக் கப்பலைத் தேடி மறுபடி சென்ற குழுவில் அவரும் போனார். நிலத்தில் தடுமாறிய உடல் தண்ணீரில் தடுமாறவில்லை. இளமையில் எடையின்மை அவருக்கு ஓர் ஆராய்ச்சி. இப்போது அது தேவையாகிவிட்டது. அதற்குப் பிறகும் நீண்ட காலம் அவர் சுழியோடினார்.

மற்றவை பலருக்கும் தெரிந்தவை. 1968 இல் விண்வெளித் திரைப்படம் ஒன்றின் கதையால் உலகப்புகழ். 1979 இல் சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் ஒன்றாக்கிப் பூமியிலிருந்து வானுக்குப் போகும் மின்தூக்கி பற்றிய நாவல். அதே வருடம் முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தர். 1980களில் போலியோவின் பின்விளைவு மீண்டும் தலைகாட்ட, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். நாட்டில் யுத்தம். சுழியோட வருவோர் எங்கள் கடலை மறந்தார்கள். 2004 சுனாமி ஹிக்கடுவையில் இருந்த அவரது சுழியோடல் நிலையத்தை அள்ளிச் சென்றது. 2007 டிசம்பரில் தொண்ணூறாவது பிறந்தநாளுக்காக ஒரு காணொளியில் அவர் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கிரக உயிர்களின் சான்று ஒன்று. எண்ணெய்க்கு மாற்றான தூய சக்தி ஒன்று. மூன்றாவது இலங்கையில் சமாதானம். 2008 மார்ச் 19 ஆம் திகதி கொழும்பில் இறந்தார். பொரளை கனத்தையில் அடக்கம். யுத்தம் முடிந்தது அடுத்த வருடம் மே மாதம்.

இதையெல்லாம் வாசித்து முடித்த உற்சாகத்தில் சாச்சாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்: நடக்க முடியாதவரும் கடலுக்குள் போகலாம், போயிருக்கிறார். சாச்சா பொறுமையாகக் கேட்டார். பிறகு டொக்டர் தனக்குச் சொன்னதை எனக்குச் சொன்னார். இந்த நோய் வந்தவர் மறுபடி ஆழத்தின் அமுக்கத்துக்குள் போகக்கூடாது. கிளார்க்கின் கால்களை எடுத்தது ஒரு கிருமி. சாச்சாவின் கால்களை எடுத்தது ஆழமேதான். தண்ணீர் நிரம்பிய வாகனம் அவருக்கு உதவாது. அவருக்கு வேண்டியது, ஐந்து தொன் தாங்கும் கண்ணாடி.

விஞ்ஞான தினத்துக்கு நாங்கள் சாரியட் மாதிரித் திறந்த வாகனத்தையே சமர்ப்பித்தோம். மிக மெதுவாக மட்டுமே மேலே வரும்படி அதில் ஒரு தடுப்பும் வரைந்திருந்தோம். அது என் தோழியின் யோசனை. மூன்றாம் இடம் கிடைத்தது. கண்ணாடியின் கணக்கு என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தடிப்பைக் கூட்டியும் வளைவாக்கியும் அவ்வப்போது செய்து பார்க்கிறேன்.

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் வாப்பாவும் நானாவும் சாச்சாவைக் கதிரையோடு தூக்கி உப்புவெளிக் கடலுக்குள் கொண்டு போனார்கள். இடுப்பளவு தண்ணீர்தான். டொக்டரிடம் கேட்டுத்தான் செய்தோம். என் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தார். உம்மா கரையில் நின்று திட்டிக்கொண்டே இருந்தா. அவர் அரை மணிநேரம் தலை தூக்கவில்லை. மூச்சுக்கு மட்டும் முகத்தைத் திருப்பினார். கால்கள் மற்றவர்களுடையவை போலவே தண்ணீரில் அசைந்தன. வெளியே வந்ததும் அவர் கேட்டது, அந்தக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் பெரிதாக வாங்க முடியாதா என்றுதான்.